வால்மீனைச் சுற்றி என்ன இருக்கு? கம்ப்யூட்டர் கணக்கைத் திருத்த வைத்த ரொசெட்டா!

2015 மார்ச் 28. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ரொசெட்டா விண்கலம், 67பி சுர்யுமோவ்-கெராசிமென்கோ வால்மீனை வெறும் 14 கி.மீ. தூரத்தில் கடந்தது. நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் அது திசை அறியும். ஆனால், சுற்றிப் பறந்த தூசியையும் நட்சத்திரம் என்று நினைத்துக் குழம்பிவிட்டது. பூமியை நோக்கியிருந்த ஆன்டெனா விலக ஆரம்பிக்க, விண்கலம் தானாகவே பாதுகாப்பு நிலைக்குப் போனது. அதன்பின் அதைத் தள்ளியே பறக்க வைத்தார்கள்.

எந்தப் பக்கம், எவ்வளவு வாயு, எவ்வளவு தூசி என்பது முன்பே தெரிந்தால்தான் இந்த ஆபத்தைத் தவிர்க்க முடியும். அதற்காகத்தான் கம்ப்யூட்டர் மாதிரிகள்.

கோமா என்றால் என்ன?

வால்மீன் என்பது பனியும் தூசியும் கலந்த கட்டி. சூரியனை நெருங்கும்போது அந்தப் பனி உருகாது. திறந்து வைத்த கற்பூரம் மாதிரி நேரடியாக ஆவியாகும். அந்த ஆவியும் அதோடு கிளம்பும் தூசியும் சேர்ந்த மூட்டமே கோமா. இழுத்துப் பிடிக்கப் போதுமான ஈர்ப்பு விசை இல்லாததால் அது விண்வெளிக்குத் தப்பி ஓடிக்கொண்டே இருக்கும்.

பழைய கணக்கு

1957-ல் லியோ ஹேசர் தந்த மாதிரி ரொம்ப எளிமையானது. வால்மீன் ஒரு உருண்டை, வாயு எல்லாப் பக்கமும் சமமாகக் கிளம்புகிறது, சூரிய ஒளி மூலக்கூறுகளை உடைக்கிறது. அவ்வளவுதான். தொலைநோக்கியில் பார்ப்பவர்களுக்கு இன்றும் இது போதும்.

கிட்டப் போனால் கதையே வேறு. 67பி உருண்டையே இல்லை, வாத்து வடிவம். 12 மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக எடுத்து ஒரு சுற்று சுற்றுகிறது. ரொசெட்டாவின் ரோசினா கருவி அளந்த வாயுவும் அந்தச் சுற்றுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. 2014-ல் நீராவி 'கழுத்து'ப் பகுதியில் அதிகம் கிளம்பியது. கார்பன் டை ஆக்சைடோ தெற்குப் பக்கத்தில் அதிகம்!

எப்படித் திருத்தினார்கள்?

கேமரா படங்களிலிருந்து வால்மீனின் நிஜ வடிவத்தை உருவாக்கி, மேற்பரப்பைக் குட்டிக் குட்டித் துண்டுகளாகப் பிரித்தார்கள். கணக்கும் அளவீடும் ஒத்துப்போகும் வரை, ஒவ்வொரு இடமும் கக்கும் வாயுவை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இதில் ஒரு சிக்கல்: இரண்டு வெவ்வேறு வரைபடங்கள்கூட ஒரே அளவீட்டைத் தந்துவிடலாம். அதனால் ஒரு கருவியை மட்டும் நம்ப முடியாது.

இன்னொரு கருவியான ஆலிஸ் வேறொரு அதிர்ச்சி தந்தது. மேற்பரப்புக்குப் பக்கத்தில் மூலக்கூறுகளை உடைப்பது நேரடியாகச் சூரிய ஒளி அல்ல, அந்த ஒளி நீர் மூலக்கூறிலிருந்து பிய்த்தெடுத்த எலக்ட்ரான்கள். மாதிரியில் இதையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

அடுத்து யார்?

ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து தயாரிக்கும் 'காமெட் இன்டர்செப்டர்'. ரொசெட்டா மாதிரி கூடவே இருந்து பார்க்கும் வசதி இதற்குக் கிடையாது. வால்மீனை ஒரே ஒரு முறைதான் கடந்து போகும். அதனால் தாய்க்கலம் தள்ளி நிற்க, இரண்டு சிறிய கலங்கள் மட்டும் தூசிக்குள் நெருங்கிப் போகும்.