காபி பில்டரை யார் கழுவினார்கள்?

போன மாசம் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். அதுல இருந்துதான் இந்தப் பதிவு.

எங்க அம்மாவோட பித்தளை காபி பில்டர் ஒண்ணு வீட்டுல இருக்கு. வீட்டுக்காரிக்குக் கை வலி வந்ததுல இருந்து காலையில காபி போடுறதும் பாத்திரம் கழுவுறதும் என் வேலை. கொஞ்ச நாளா டிகாஷன் சொட்டுச் சொட்டா, மாடு பால் கறந்து முடிச்ச பிறகும் இறங்காம நின்னுச்சு. ஓட்டை அடைச்சுக்கிச்சுன்னு புரிஞ்சது. யாரோ ஒருத்தர் செல்போன் வீடியோவுல, "மேல் டப்பாவை கேஸ் அடுப்புல காட்டுங்க, அடைப்பு எரிஞ்சு போயிடும்" என்று சொல்லியிருந்தார். நானும் காட்டினேன். அரை நிமிஷத்துல உள்ளே இருந்த வெள்ளைப் பூச்சு பாதரசம் மாதிரி உருண்டு ஓடி, ஓட்டைகளையே மூடிக்கிச்சு.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்துட்டு, "அடப்பாவி, ஈயத்த உருக்கிட்டியேடா! உங்கம்மா அத ஒரு நாளாச்சும் நெருப்புல வெச்சிருப்பாளா?" என்று தலையில அடிச்சுக்கிட்டாங்க.

வீடியோ சொன்னது தப்பில்லை. அது எவர்சில்வர் பில்டருக்குச் சொன்ன வைத்தியம். ஈயம் பூசின பித்தளைக்கு இல்லை. ஈயம் 232 டிகிரியிலேயே உருகிடும். பாத்திரம் மாறினா கழுவுற முறையும் மாறும். இதை யோசிக்கப்போய், காபி வந்த கதையை விட அந்தப் பாத்திரத்தைக் கழுவின கதைதான் பெருசுன்னு பட்டது.

காபி நம்ம நாட்டுக்கு வந்த கதை பலருக்குத் தெரிஞ்சிருக்கும். பாபா புதான் என்ற பெரியவர் 17ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டில் இருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் போட்டார் என்று சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் அதைத் தோட்டப் பயிராக்கினார்கள். ஆனா சமவெளியில நம்மள மாதிரி ஆட்கள் காலையில குடிச்சது நீராகாரமும் கூழும்தான். ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதின 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற புத்தகம் 2000இல் வந்தது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் காபி எப்படி நுழைஞ்சது, பழைய சோத்தை அது எப்படித் தள்ளிச்சு, அதை எத்தனை பேர் திட்டினாங்க என்பதெல்லாம் அதில் இருக்கு. இரண்டாம் உலகப்போரில் ஏற்றுமதி படுத்துப்போனபோது 1942இல் காபி சட்டம் வந்து, காபி வாரியம் உள்ளூர் விற்பனையைக் கவனிச்சது.

எங்க வீட்டுக்கு அது வந்தது 1960களில். அம்மா காஞ்சிபுரம் பக்கம் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்தப்போ சீர் வரிசையில அந்தப் பித்தளை பில்டர் இருந்தது. ஆயாவுக்கு அது என்னன்னே தெரியலையாம். "இதுல ஏன் இத்தன ஓட்டை?" என்று கேட்டாங்களாம்.

ஓட்டைதான் அதோட உயிர். மேல் டப்பாவில் தூளைப் போட்டு, குடை மாதிரி இருக்கிற அமுக்கியை வைத்து, கொதிக்கிற தண்ணி ஊத்தினா கீழ் டப்பாவில் டிகாஷன் இறங்கும். இதே மாதிரி ரெண்டு அடுக்குப் பாத்திரத்தை 1800 வாக்கில் பிரான்ஸ்காரர்களும் புழங்கினார்கள். பாரிஸ் நகரத்துப் பேராயர் தெ பெல்வா என்பவரின் பெயரை அதுக்குச் சொல்வார்கள். அதுக்கு முன்னாடி எல்லா ஊரிலும் தூளைக் கொதிக்க வைத்துத் தெளிய விடுவது, இல்லைன்னா துணியில வடிகட்டுவது. துணியில என்ன தொல்லைன்னா, காபியில எண்ணெய் இருக்கு. அது நூலுக்குள்ள ஊறி ரெண்டு நாள்ல சிக்கு நாத்தம் அடிக்கும். எவ்வளவு துவைச்சாலும் போகாது. உலோக பில்டரைக் கழுவிக் கவுத்துட்டா முடிஞ்சது.

ஆனா பித்தளைக்கும் ஒரு தொல்லை உண்டு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. காபி லேசான புளிப்பு உள்ள பொருள். பட்டுக்கிட்டே இருந்தா பச்சையா களிம்பு பிடிக்கும், அது வயித்துக்கு ஆகாது. அதனாலதான் உள்ளே ஈயம் பூசுவாங்க. இங்கே ஈயம்னா வெள்ளீயம். பேட்டரியில இருக்கிற காரீயம் விஷம், அது வேற. ரெண்டையும் ஒரே பேர்ல சொல்றதால பல பேர் குழம்புறாங்க.

நான் சின்னப் பையனா இருந்தப்போ வருஷத்துக்கு ரெண்டு தடவை ஈயம் பூசுறவர் வருவார். புளிய மரத்தடியில சின்னப் பள்ளம் தோண்டி, கரி போட்டு, துருத்தி வைப்பார். பாத்திரத்தைக் காய வைத்து நவச்சாரம் தூவினா வெள்ளைப் புகை குப்புன்னு வரும். மூக்கு எரியும். அந்தச் சூட்டிலேயே ஈயக் குச்சியால ஒரு இழுப்பு இழுத்துட்டு பஞ்சால சரசரன்னு துடைப்பார். கருத்த பாத்திரம் உள்ளே நிலா மாதிரி ஆயிடும். நவச்சாரம் உலோகத்து மேல இருக்கிற அழுக்குப் படலத்தை எடுத்துடும், அப்பதான் ஈயம் ஒட்டும். இது எனக்கு இப்பதான் தெரியும். அப்ப அது மந்திரம்.

அவர் வராத மத்த நாளெல்லாம் அம்மா கைதான். வெளிப்பக்கத்துக்குப் புளி. புளியில இருக்கிற அமிலம் கருப்பைக் கரைக்கும். உள்பக்கத்து எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலிச்ச வறட்டிச் சாம்பல், விரலால மெதுவா. தேங்காய் நாரும் செங்கல் தூளும் வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான். உள்ளே போட்டுத் தேய்ச்சா ஈயம் போயிடும். ஓட்டைக்குத் தொடப்பத்துக் குச்சி. அப்புறம் வெயில்ல கவுத்து வைப்பாங்க. தினமும் கால் மணி நேரமாவது ஆகும். கழனி வேலை, மாட்டு வேலை எல்லாம் போக இது.

இப்ப சொல்லக் கூச்சமா இருக்கிற ஒண்ணைச் சொல்லணும். அந்த பில்டர்ல இறங்கின காபி எல்லாருக்கும் ஒரே டம்ளர்ல போகலை. எங்க கழனியில வேலை செஞ்ச பெரியவருக்குத் தனியா ஒரு அலுமினிய டம்ளர். அது வீட்டுக்குள்ள வராது, மாட்டுக்கொட்டாய் கூரையில சொருகி இருக்கும். அம்மா தூக்கி ஊத்துவாங்க, அவர் குடிச்சுட்டு அவரே கழுவிச் சொருகிட்டுப் போவார். என்னை விட நாப்பது வயசு பெரியவரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேன். டீக்கடையிலும் அப்படித்தான், தனி கிளாஸ். இரட்டைக் குவளைன்னு நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீங்க.

தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது 1955இல். 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே போர்டில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கணும்னு பெரியார் போராட்டம் நடத்தினார். பட்டணத்துல போர்டு மாறிச்சு. எங்க கொட்டாய்க் கூரையில அந்த அலுமினிய டம்ளர் 1980 வரைக்கும் இருந்தது. ஓட்டலைக் குறை சொல்றது சுலபம். எங்க வீட்டுல பில்டரைப் பளபளன்னு தேய்ச்சோம், டம்ளரை வெளியே வெச்சோம்.

அப்புறம் எவர்சில்வர் வந்தது. குரோமியம் கலந்த இரும்பு துருப்பிடிக்காதுன்னு 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்துல ஹாரி பிரியர்லி கண்டார். குரோமியம் மேல ஒரு மெல்லிய படலமா நின்னு காக்குது, கீறினா தானே திரும்ப மூடிக்குது. ஈயம் பூச வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை ஓட ஆரம்பிச்சுது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவர் தெருத்தெருவா வந்தார். பழைய பித்தளையை எடை போட்டுக் கொடுத்துட்டு எத்தனையோ வீட்டுல புதுசு வாங்கினாங்க.

பித்தளை போனதுக்கு விலை, நாகரிகம் என்று பல காரணம் சொல்வாங்க. நான் பார்த்த வரைக்கும் பெரிய காரணம் கழுவுற கைதான். பெண்கள் விட்டுட்டாங்க, விடட்டும். கூடவே கேஸ் அடுப்பு வந்தது, வீட்டுல சாம்பல் இல்லாம போச்சு. சபீனா பவுடர் வந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பிச்சது, அப்புறம் எங்க ஊரைச் சுத்திக் கம்பெனிகள். கரி, துருத்தியோட ஈயம் பூசுறவர் உக்கார்ந்த புளிய மரமும் ரோடு அகலப்படுத்தினதுல போச்சு. சாம்பலும் புளியும் ஈயமும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு நின்ன ஏற்பாடு அது. ஒண்ணு போனா மத்ததும் போகும்.

என் பொண்ணு விடிகாலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறா. கால் மணி நேரம் புளி போட்டுத் தேய்னு அவகிட்ட நான் எந்த வாயால சொல்றது? அன்னாடம் புழக்கத்துக்கு எவர்சில்வர் பில்டர்தான். நான் பழகின முறையைச் சொல்றேன், பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு உதவும்.

டிகாஷன் எடுத்ததும் சக்கையைத் தட்டிடணும், ராத்திரி வரைக்கும் விடக்கூடாது. சிக்கரி வேரில் இனிப்புச் சத்து உண்டு, காய்ஞ்சா பிசின் மாதிரி ஓட்டையில ஒட்டிக்கும். கலப்புத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாதுன்னு விதி இருக்கு. அப்படின்னா மீதி 49 வரைக்கும் சிக்கரி இருக்கலாம், பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்க. சக்கையைத் தொட்டிச் செடிக்கு மண்ணோட கலந்து போடலாம், சாக்கடையில கொட்டினா அடைச்சுக்கும். தினமும் சுடுதண்ணியில கழுவினா போதும். வாரம் ஒரு தடவை சமையல் சோடா போட்டு அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டா எண்ணெய் வாடை போகும். அப்புறமும் அடைப்பு இருந்தா, எவர்சில்வர் மட்டும், கொஞ்ச நேரம் தணல்ல காட்டி, ஆறினதும் ஊசியால குத்திக் கழுவுங்க. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சா எல்லா ஓட்டையும் தெரியணும். மேல் டப்பா கீழ் டப்பாவோட இறுகிக்கிட்டா சுத்தியலை எடுக்காதீங்க. கீழ்ப் பக்கத்தைச் சுடுதண்ணியில வைங்க, அது விரிஞ்சு கழண்டுடும்.

அம்மா பில்டரை என்ன பண்ணினேன்னு கேப்பீங்க. காஞ்சிபுரத்துல ஒரு பாத்திரக்கடைக்காரர் மூலமா ஈயம் பூச ஆள் பிடிச்சேன். ரெண்டு வாரம் ஆச்சு. ஒவ்வொரு ஓட்டையா குத்தித் திறந்து, திரும்பப் பூசிக் கொடுத்தார்.

வந்த அன்னிக்கு அதுல காபி போட்டேன். அப்ப நெல்லு விஷயமா பேச ஒருத்தர் வந்திருந்தார். கூரையில டம்ளர் சொருகினாரே, அந்தப் பெரியவரோட மகன். என்கூடப் படிச்சவர். திண்ணையில இல்லை, உள்ளே உக்கார்ந்து குடிச்சார். குடிச்சு முடிச்சதும் டம்ளரை எடுத்துக்கிட்டு குழாய்ப் பக்கம் எழுந்தார்.

"வைப்பா, நான் கழுவிக்கிறேன்" என்றேன்.

"ஏன், எங்கப்பா கழுவினதே போதும்னு பாக்குறியா?" என்று சிரிச்சார். சிரிப்புதான். ஆனா எனக்குப் பதில் வரலை. டம்ளரை வாங்கிக் கழுவிக் கவுத்தேன்.

பில்டர் இப்ப நல்லா இறங்குது. மாடு கத்துது, போறேன். உங்க வீட்டுல பழைய பித்தளை பில்டர் இருந்தா எடைக்குப் போடாதீங்க. அதை யார் கழுவினாங்கன்னு வீட்டுப் பெரியவங்களை ஒரு தடவை கேளுங்க.