வாசலில் நின்றுவிட்ட சட்டம்

அகதி என்றதும் நம் மனக்கண்முன் எழுவது போரும், எரியும் ஊர்களும், எல்லை நோக்கி நடக்கும் மக்கள் திரளுமே. தன் கணவனுக்கு அஞ்சித் தன்னந்தனியாய் எல்லை கடக்கும் பெண்ணையும் அச்சொல்லால் அழைக்க உலகம் நெடுங்காலம் தயங்கியது. அத்தயக்கத்தின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரின் காயங்கள் ஆறாத 1951-ஆம் ஆண்டில், ஜெனீவாவில் அகதிகள் உடன்படிக்கை உருவாயிற்று. இனம், சமயம், நாட்டினம், குறிப்பிட்டதொரு சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தனுள் ஒன்றன் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறி, அந்நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவரே அகதி என அது வரையறுத்தது. 'பெண்' என்னும் சொல் அப்பட்டியலில் இல்லை. அதை எழுதியோர் கண்முன் நின்றது கொடுங்கோல் அரசு. கொடிய கணவன் அல்லன்.

குவாத்தமாலா நாட்டில் பதினாறு வயதில் ஒரு முன்னாள் படைவீரனுக்கு மணமுடிக்கப்பட்ட பெண்ணொருத்தி, பத்தாண்டுகளுக்கு மேல் அவனிடம் சொல்லொணாக் கொடுமைகளை அனுபவித்தார். காவலரை அழைத்தார், பயனில்லை. நீதிபதியிடம் முறையிட்டார், குடும்பப் பூசலில் தலையிட இயலாது என்பதே விடை. 1995-இல் தம் இரு குழந்தைகளையும் உறவினரிடம் விட்டுவிட்டு அமெரிக்கா சென்று அடைக்கலம் கேட்டார். 1996-இல் அது வழங்கப்பட்டது. ஆனால் 1999-இல் மேல்முறையீட்டு வாரியம் அதைப் பறித்தது. அவர் பட்ட துயரத்தை வாரியம் ஐயுறவில்லை. அவருடைய நாடு அவரைக் காக்கவில்லை என்பதையும் மறுக்கவில்லை. அக்கொடுமைக்கும் அந்த ஐந்து காரணங்களுக்கும் தொடர்பில்லை என்பதே அதன் வாதம். சட்டம் வீட்டு வாசல்வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

அதே 1999-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை வேறு வழியில் சிந்தித்தது. கணவரால் விரட்டப்பட்டு, ஒழுக்கக்கேடு என்னும் பொய்ப்பழிக்கு அஞ்சிய இரு பாகிஸ்தானியப் பெண்களின் வழக்கு அது. அடிப்பவன் கணவனாக இருக்கலாம். ஆனால் அவள் பெண் என்பதாலேயே அரசு காக்க மறுக்குமாயின், அவ்விரண்டும் சேர்ந்ததே துன்புறுத்தல் என்று அவை கண்டது. அடிக்கும் கையை மட்டுமன்று, திறக்காத கதவையும் அத்தீர்ப்பு கணக்கில் கொண்டது.

குவாத்தமாலாப் பெண்ணோ காத்திருந்தார். 2001-இல் வாரியத்தின் தீர்ப்பு விலக்கப்பட்டது. ஆயினும் முடிவு வரவில்லை. ஆட்சிகள் மாறின, கோப்பு மேசைவிட்டு மேசை நகர்ந்தது. 2009 டிசம்பரில்தான் அடைக்கலம் கிட்டியது. இடையே கழிந்த ஆண்டுகள் பதினான்கு!

அதோடு கதை முடியவில்லை. 2014-இல் இத்தகைய பெண்களுக்கு வாரியமே வழிதிறந்தது. மணமுறிவு பெற்ற பின்னும் முன்னாள் கணவனின் கொடுமைக்கு ஆளான எல் சல்வடார் நாட்டுப் பெண்ணின் வழக்கில், 2018-இல் அட்டர்னி ஜெனரல் அவ்வழியை அடைத்தார். 2021-இல் வேறொருவர் திறந்தார். 2025-இல் அது மீண்டும் இறுக்கப்பட்டது.

கதவு இவ்வாறு திறந்தும் மூடியும் வரக் காரணம் என்ன? இவ்வச்சத்தைக் குடும்ப விவகாரம் என்று கொள்ளும் பழைய எண்ணம் நம்மைவிட்டு முற்றும் அகலாததே. அண்டை வீட்டில் அலறல் கேட்டும் 'அது அவர்கள் வீட்டுச் சங்கதி' என்று நாம் சன்னலைச் சாத்தும்போது, அந்த நீதிபதியின் விடையையே நாமும் மொழிகின்றோம். அகதியின் பயணம் எல்லையில் தொடங்குவதில்லை. முறையிட்ட முதல் கதவு சாத்தப்பட்ட அன்றே தொடங்கிவிடுகிறது.