விரல்களைத் தின்றது எது?

1950-களின் தொடக்கம். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தொழுநோயாளிகளுக்காக எழுப்பப்பட்ட நவஜீவ நிலையத்தின் மண்குடிசைகளில், இரவு முழு விரலோடு படுத்தவர்கள் சிலர் காலையில் விரல்நுனி இல்லாமல் எழுந்தார்கள். வலி இல்லை, தூக்கம்கூடக் கலையவில்லை. ஒருவர் கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோதுதான் எலி வந்து கடிப்பது தெரிந்தது. குடிசைகளில் பூனைகள் வளர்க்க ஏற்பாடாயிற்று. சிகிச்சை முடிந்து ஊர் திரும்புகிறவர்களும் ஒரு பூனையைக் கூட்டிப் போனார்கள்.

அதுவரை ஊராரும் மருத்துவர்களும் பெரும்பாலும் ஒன்றையே நம்பியிருந்தார்கள்: தொழுநோய் வந்தால் சதை அழுகும், விரல்கள் தாமாகவே உதிரும். வேலூரில் அந்த நம்பிக்கை உடைந்தது. விரலைத் தின்றது நோய்க் கிருமி அல்ல. எலி, அடுப்புச் சூடு, முள், துருப்பிடித்த பூட்டு, பொருந்தாத செருப்பு இவற்றோடு நோயாளியின் சொந்த உடல் எடையும் சேர்ந்து செய்த வேலை அது. வலி தெரிந்திருந்தால் இவை ஒன்றும் அந்த அளவுக்குப் போயிருக்காது.

இந்தத் தேடலுக்குத் தலைமை தாங்கியவர் பால் பிராண்ட். மிஷனரி பெற்றோருக்கு 1914-இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். மகன் இங்கிலாந்தில் முதலில் தச்சு, கட்டட வேலைகளைக் கற்றார், பிறகுதான் மருத்துவம். 1946-இல் அறுவைச் சிகிச்சை ஆசிரியராக வேலூருக்கு வந்தார்.

மறு ஆண்டு செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே ராபர்ட் காக்ரேன் என்ற தோல் மருத்துவர், அப்போது புதிதாக வந்திருந்த சல்போன் மருந்துகளைக் கொடுத்து நோயைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தார். கிருமி அடங்கினாலும் மடங்கிய விரல்கள் நிமிரவில்லை. அந்தக் கைகளை ஏன் எந்த எலும்பு மருத்துவரும் ஆராயவில்லை என்று பிராண்ட் கேட்டார். விரல்கள் வளைந்திருந்த நோயாளி ஒருவரிடம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி வலிக்கும் அளவுக்கு இறுகியது. செத்துப்போனதாகக் கருதப்பட்ட கையில் நல்ல தசைகள் பலத்தோடு இருந்தன.

வேலூரில் நோயாளிகளின் கைகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. எந்தத் தசை இயங்குகிறது, எந்த இடத்தில் உணர்ச்சி போயிருக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்ததில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் போன்ற இடங்களில் தோலை ஒட்டி ஓடும் நரம்புகளைத்தான் அது கெடுக்கிறது. ஆழத்தில் ஓடும் நரம்புகளும், அவை இயக்கும் முன்கைத் தசைகளும் தப்பிவிடுகின்றன. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்க, முன்கையின் பெரிய தசைகள் மட்டும் இழுப்பதால் விரல்கள் கொக்கியாக மடங்குகின்றன.

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. நல்ல நிலையில் உள்ள ஒரு தசையின் நாணைப் பிரித்து, வேலை நின்றுபோன இடத்துக்குக் கொண்டுபோய் இணைப்பது. போலியோ பாதித்தவர்களுக்கும் நரம்பு அறுபட்டவர்களுக்கும் ஏற்கெனவே செய்யப்பட்ட முறைதான். உணர்ச்சியற்ற தொழுநோய்க் கைக்கு அதை ஏற்றபடி மாற்றி, நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தொடர்ந்து செய்தது வேலூர். 1952-இல் லண்டன் ராயல் அறுவை மருத்துவக் கல்லூரியில் பிராண்ட் இதைப் பற்றி ஹன்டேரியன் சொற்பொழிவு ஆற்றினார்.

ஆனால் கத்தியின் வேலை பாதிதான். மோதிர விரலை மடக்கும் நாண் ஒன்றைப் பெருவிரலுக்கு மாற்றினால் மூளைக்கு அது தெரியாது. மாவுக்கட்டைப் பிரித்ததும் பிசியோதெரபிஸ்ட் சொல்வார்: “மோதிர விரலை மடக்குங்க.” நோயாளி மடக்க நினைப்பார், பெருவிரல் அசையும். அந்த அசைவைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும், ஏனென்றால் தொட்டு உணர வழியில்லை. அறுவைக்கு முன் விறைத்த மூட்டுகளை இளக்குவது, பின் புதிய அசைவைப் பழக்குவது, தச்சுப் பட்டறையில் அதை வேலையாக மாற்றுவது எல்லாம் நவஜீவ நிலையத்தின் அன்றாடம். கையை அறுக்காதபடி கருவிகளின் பிடிகள் தடிமனாக்கப்பட்டன.

கையைவிடப் பெரிய தலைவலி கால். பாதத்தில் புண் வரும், ஆறும், மீண்டும் அதே இடத்தில் திறக்கும். மாவுக்கட்டு போட்டு எடையைப் பாதம் முழுதும் பரப்பினால் அதே புண் ஆறியது. ஆகவே தொல்லை சதையில் இல்லை, நடையில் இருந்தது. வலி தெரிந்தவர் நீண்ட தூரம் நடந்தால் தன்னை அறியாமல் அடியை மாற்றி வைப்பார், லேசாக நொண்டுவார். மரத்த பாதம் ஒரே புள்ளியில் ஆயிரக்கணக்கான முறை ஊன்றும். அந்தப் புள்ளி சூடேறி, வீங்கி, உள்ளிருந்து உடையும்.

1955-இல் வேலூரை அடுத்த கரிகிரியில் ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும் இந்த ஆராய்ச்சிக்குத் தனி இடம் கிடைத்தது. செருப்புத் தைப்பவர்களும் அங்கே மருத்துவக் குழுவின் அங்கம். மிருதுவான நுண்துளை ரப்பரை அடியில் வைத்த எம்.சி.ஆர். செருப்பு இந்த வட்டாரத்திலிருந்துதான் நாடெங்கும் பரவியது.

இதே காலத்தில் சி.எம்.சி.யில் இன்னொரு கதையும் நடந்தது. கேரளத்திலிருந்து வந்து அங்கே படித்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்று பிராண்ட் சொன்னார். சக்கர நாற்காலியில் அமர்ந்து மேரி தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, சி.எம்.சி.யில் அதற்கான துறையின் தலைவரானார். 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் இடமானது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று அந்த நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே 1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். பாதத்தின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கருவிகளால் அளந்து, வேலூரில் கண்டதற்கு எண்களில் சான்று திரட்டினார். அங்கே ஒன்று தெளிவாயிற்று. சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதமும் இதே வழியில்தான் உடைகிறது. இன்று உலகெங்கும் சர்க்கரைப் புண்ணுக்குப் போடப்படும் மாவுக்கட்டும், அழுத்தம் குறைக்கும் செருப்பும் தொழுநோயாளிகளின் கால்களில் பயின்று வந்தவை. ஊர் ஒதுக்கிவைத்தவர்களிடம் கற்ற பாடம் ஊருக்கே பயன்படுகிறது.

தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் இல்லாத தெரு இல்லை. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றிவிட்டு, உள்ளங்காலில் கொப்புளம் வந்தது தெரியாமலே வீடு திரும்புகிறவர்கள் உண்டு. பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இரவு பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். சிவப்போ சூடோ தெரிந்தால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.