கதிரவனைக் கண்ட காலைகள்

மகிழ்ச்சி என்பது 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி போன்றது என ஒருகாலத்தில் எண்ணியிருந்தேன். தேர்வில் தோற்று மனம் சோர்ந்திருந்த நாட்களில், பழனி மலைமேல் உள்ள கொடைக்கானலுக்குச் சென்றேன். 1872-இல் கோக்கர் என்னும் படை அலுவலர் மலைச்சரிவின் ஓரமாக அமைத்த நடைபாதையில் காலைதோறும் உலவினேன். மனம் சற்றே தெளிந்தது.

அவ்வூர் வானாய்வுக்கூடத்தின் வரலாறு என்னை மேலும் தெளிவித்தது. 1899-இல் நிறுவப்பட்ட அக்கூடத்தில், 1904 முதல் கதிரவனை நாள்தோறும் படம் எடுத்து வந்தனர். மேகம் மறைத்தால் மறுநாள் மீண்டும் முயல்வர். 1909 ஜனவரியில், கரும்புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் அங்கே கண்டறிந்தார். உலகப் புகழ் வாய்ந்த கண்டுபிடிப்பு அது. எனினும், பேரெழுச்சி ஏதுமின்றி எடுக்கப்பட்ட எண்ணற்ற சாதாரண நாட்களின் படங்களும் வீண்போகவில்லை. நூறாண்டுக் காலக் கதிரவனின் போக்கை ஆராய்வோர் இன்றும் அவற்றையே நாடுகின்றனர்.

ஊர் திரும்பியதும் காலையில் சிறிது நடை, பின்னர் ஒரு மணி நேரப் படிப்பு என வழக்கப்படுத்திக்கொண்டேன். தவறிய நாளுக்காக வருந்தாமல் மறுநாள் தொடர்ந்தேன். மறு தேர்வின் முடிவு வருமுன்னரே என் மகிழ்ச்சி திரும்பிவிட்டது.