கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களும் தமிழாசிரியர் பயிற்சியின் சுமையும்: ஒரு வரலாற்று நோக்கு

தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1922ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மலாய்ப் பள்ளி ஆசிரியராக விழைந்த இளைஞர்கள் அங்கே தங்கிப் பயின்றனர். பயிற்சிக் காலத்தில் அவர்தம் கடமை கற்பது ஒன்றே. மலாய்ப் பெண்களுக்கென 1935ஆம் ஆண்டில் மலாக்காவில் மற்றொரு கல்லூரி தோன்றியது. 1950-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு அருகிலுள்ள கர்க்பி என்னுமிடத்திலேயே மலாயாவிற்கான ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி ஒன்று நடைபெற்றது. தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கென அத்தகைய தங்கிப் பயிலும் கல்லூரி எதுவும் காலனியாட்சிக் காலத்தில் எழவில்லை. அவர் முதலில் ஆசிரியரானார்; பயிற்சி பின்னர் வந்தது, வந்தால்.

ஆசிரியர் பயிற்சியின் நெருக்கடிகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பயிற்சி பெறுவோரின் மனநிலையையே அளவிட முற்படுகின்றன. பாடத்திட்டம் எழுதும் பளு, மேற்பார்வையாளர் முன்னிலையில் கற்பிக்கும் அச்சம், தேர்வு, உறக்கக் குறைவு ஆகியன அவற்றுள் இடம்பெறும். இவை மெய்யே. ஆயினும் தமிழாசிரியரைப் பொறுத்தவரை இந்நெருக்கடியின் பெரும்பகுதி அவருடைய மனத்தில் தோன்றியதன்று. பயிற்சி அமைக்கப்பட்ட முறையிலிருந்தே அது பிறந்தது என்பது நம் கருத்து. இதனைத் தெளிவாகக் காண்பதற்குப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையைவிடப் பொருத்தமான இடம் அரிது. தொலைவு, குளிர், தோட்ட நிருவாகம், சிறு பள்ளி ஆகிய நான்கும் அங்கே ஒன்றுகூடுகின்றன.

மலையும் சாலையும்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் நில அளவைப் பயணத்தின்போது கண்டு குறித்த இம்மலைநிலம் நெடுங்காலம் அணுகவியலாததாகவே இருந்தது. தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1931ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1929இல், ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்திருந்தார். இலங்கையில் தேயிலைப் பயிர்ப் பட்டறிவு பெற்றிருந்த மில்ன் அவருக்குத் துணைநின்றார். 1933இல் பாரத் நிறுவனம் தொடங்கியது. சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலான தோட்டங்களும் இம்மலையில் வளர்ந்தன. காடழித்தல், சரிவில் கன்று நடுதல், கொழுந்து பறித்தல், ஆலையில் இலை வாட்டுதல் என எல்லாவற்றிற்கும் தமிழ்த் தொழிலாளர் கைகளே பயன்பட்டன.

சட்டத்தின்படி இத்தோட்டங்களில் பள்ளி இருந்தாக வேண்டும். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதினராகிய, அதாவது 7 முதல் 14 வயது வரையிலான, ஓரினத்துப் பிள்ளைகள் பதின்மருக்கு மேல் இருக்கும் தோட்டம் பள்ளி அமைக்கவேண்டும் என்று விதித்தது. கட்டடத்தைப் பற்றியும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றியும் சட்டம் பேசிற்று. கற்பிப்பவர் யாராயிருத்தல் வேண்டும் என்பதில் அதற்கு அத்துணை அக்கறை இல்லை. எனவே மலாயாத் தோட்டங்களில் கங்காணியும், கிராணியும், மருந்தகப் பணியாளரும், எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியும் ஆசிரியராயினர். ஆயாக்கொட்டகைக்கு அருகில் ஒரு கொட்டகை, அதில் எல்லா வகுப்பிற்கும் ஓராசிரியர் என்பதே பரவலான காட்சி. 1938ஆம் ஆண்டளவில் மலாயாவில் 511 தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் இருந்தன; அரசு நேரடியாக நடத்தியவை 13 மட்டுமே. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தமிழாசிரியர் யாருடைய ஊழியர் என்பது விளங்கும். அவர் கல்வித் துறையின் பணியாளர் அல்லர்; துரையின் பணியாளர்.

அதே மலையில், அதே ஆண்டுகளில், வேறொரு கல்வியும் நடைபெற்றது. ஐரோப்பியப் பிள்ளைகளுக்கெனச் சிங்கப்பூரில் பள்ளி நடத்திய ஆன் கிரிஃபித் ஜோன்ஸ் அம்மையார் 1934இல் கேமரன் மலையில் விடுதிப் பள்ளி ஒன்றைத் திறந்தார். பிற்காலத்தில் பிரித்தானியப் படையினரின் பிள்ளைகளுக்கென ஸ்லிம் பள்ளி 1951 முதல் 1964 வரை அங்கே இயங்கியது. சமவெளியின் வெப்பம் வெள்ளையர் பிள்ளைகளின் உடலுக்கும் படிப்பிற்கும் ஒவ்வாது என்ற எண்ணமே விடுதிப் பள்ளியை மலைக்கு அழைத்து வந்தது. ஒரு சாராருக்குக் கல்விக்கு உகந்ததாகத் தோன்றிய அம்மலை, தோட்டத்து ஆசிரியருக்குக் கல்வியிலிருந்து மிகத் தொலைவான இடமாயிற்று. மலை மாறவில்லை.

பணியிடையே பயிற்சி

1936ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவிற்கு வந்த சீனிவாச சாஸ்திரியார் இந்தியத் தொழிலாளர் நிலை குறித்து 1937இல் அறிக்கை வழங்கினார். அடுத்த ஆண்டில் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. இத்தடை கல்வி வரலாற்றிலும் கருதத்தக்கது. புதிய ஆட்கள் வருவது நின்றபின், தோட்டத்தில் இருப்போரே நிலையான குடிகளாயினர். அவர்தம் பிள்ளைகளே நாளைய மக்கள் தொகை. தமிழகத்திலிருந்து ஆசிரியர் வருவார் என்று காத்திருத்தல் இனி இயலாது. உள்ளூரில் ஏழாம் வகுப்பு வரை பயின்ற இளைஞரிடமிருந்தே ஆசிரியரை ஆக்கியாக வேண்டிய நிலை தோன்றியது.

அதற்குக் கண்ட வழி நார்மல் வகுப்பு. வார நாள்களில் பள்ளியில் கற்பித்துவிட்டு, வார இறுதியில் நகரத்து மையம் ஒன்றிற்குச் சென்று, இளைஞர் பொதுவாக மூன்றாண்டுகள் பயிலவேண்டும். சிக்கனமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. சமவெளியில் இரயில் பாதைக்கு அருகிலிருந்த இரப்பர்த் தோட்டத்து ஆசிரியருக்கு இது கடினம். மலைத்தோட்டத்தாருக்கு எத்தகையதாயிருக்கும் என்பதைச் சாலையே சொல்லும். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவிற்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், பெரும்பகுதி வளைவுகள். புளூ வேலி அதற்கும் வடக்கே, கம்போங் ராஜாவிற்கு அப்பால். போ தோட்டமோ நெடுஞ்சாலையிலிருந்து குறுகிய பாதையில் நெடுந்தொலைவு உள்ளே. மேலும் கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்தது; அதன் சாலையோ பேராவிற்கு இறங்கியது. 1950-களின் நடுப்பகுதி வரை மாநிலத் தலைநகராயிருந்த கோல லிப்பிசுக்கும், பின்னர்த் தலைநகரான குவாந்தானுக்கும் செல்லவேண்டுமாயின் வேற்று மாநிலத்தின் வழியாகச் சுற்றியே செல்லவேண்டும். ஆசிரியர் ஒருவர் ஒரு சான்றிதழுக்காக எத்தனை நாள் விடுப்புக் கேட்க நேர்ந்திருக்கும் என்பதை இவ்வமைப்பிலிருந்தே உய்த்துணரலாம். விடுப்பை வழங்கவேண்டியவர் தோட்ட நிருவாகி. பள்ளியின் ஒரே ஆசிரியர் சென்றுவிட்டால் அன்று பள்ளி இல்லை. அரசு மானியமோ பிள்ளைகளின் வருகையைப் பொறுத்தது. இவ்வாறு அவர் பயிற்சிக்குச் செல்வதே அவருடைய பள்ளிக்கு இழப்பாயிற்று.

போர்க்காலமும், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலமும் இதனை மேலும் இறுக்கின. ஊரடங்கு, உணவுக் கட்டுப்பாடு, அச்சம் நிறைந்த மலைச்சாலை ஆகியவற்றுக்கிடையே வார இறுதிப் பயணம் எளிதன்று.

இந்நெருக்கடியை எவ்வாறு தாங்கினர்? நிறுவன ஆதரவு குறைந்த இடத்தில் அச்சுத்தாள் துணை நின்றது என்று நாம் கருதுகிறோம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் தோட்டங்களை எட்டின. 1950-களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் நடத்திய கதை வகுப்பு இவ்வகையில் தனிக் கவனத்திற்குரியது. சிறுகதை எழுதக் கற்பித்தல் அதன் நோக்கம். ஆசிரியர் பயிற்சி அன்று. ஆயினும் அதன் அமைப்பை நோக்குக. பாடம் தபாலில் பெற்ற நாளிதழில் வரும், பயில்வோர் எழுதி அனுப்புவர், குறைகள் சுட்டப்படும், தேர்ச்சி அறிவிக்கப்படும். வேலையை விட்டு நகராமல், மலையிறங்காமல் பயிலும் வகுப்பு அது. மலேசியத் தமிழ் எழுத்தாளருள் ஆசிரியர் தொகை மிகுதியாயிருப்பதை இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் சுட்டியுள்ளனர். அவர்களுடைய இலக்கிய ஆர்வத்தை மட்டும் அதற்குக் காரணமாகக் கூறுவது போதாது. தனித்து ஒரு கொட்டகையில் கற்பித்தவருக்குத் தம் மொழியைத் திருத்திக்கொள்ளவும், தம்மைப்போல் பிறரும் உளர் என்று அறியவும் இதழே இடமாயிற்று. கல்வித் துறை செய்யத் தவறியதை ஒரு நாளிதழ் தன் விற்பனைக்காகவேனும் செய்தது.

இருமுறை மாறிய மொழி

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொணர்ந்தன. ஆசிரியர் ஊதியம் அரசின் பொறுப்பாயிற்று. பகல்நேரப் பயிற்சி நிலையங்கள் தோன்றின. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பர். ஆசிரியர் துரையின் பிடியிலிருந்து விடுபட்டார். பள்ளி நிலமோ பல இடங்களில் தோட்டத்தின் உடைமையாகவே நீடித்தது.

இக்காலம் முதல் நெருக்கடி வேறு வடிவம் கொண்டது. பயிற்சிக்குச் செல்ல இடைநிலைக் கல்விச் சான்றிதழ் தேவையாயிற்று, முதலில் எல்.சி.இ., பின்னர் எம்.சி.இ. தமிழ்வழி இடைநிலைப் பள்ளி நாட்டில் இல்லை. ஆறாண்டுகள் தமிழில் பயின்ற தோட்டத்துச் சிறுமி புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து, ஆங்கில வழிக்குச் செல்லவேண்டும். 1970 தொடங்கிப் படிப்படியாக அவ்வழி மலாயாயிற்று. இடைநிலைப் பள்ளியில் தமிழ் என்பது வாரத்திற்குச் சில பாடவேளை, அதுவும் போதிய மாணவர் சேர்ந்தால், ஆசிரியர் கிடைத்தால். இவ்வாறு ஐந்தாறு ஆண்டுகள் தமிழை விலகி நின்று, பயிற்சிக் கல்லூரியை அடைந்தபின், அறிவியலையும் கணிதத்தையும் தமிழிலே கற்பிக்கவேண்டும் என்ற கடமை அவரை எதிர்கொண்டது. கல்லூரியிலோ கல்வியியல் பாடங்களிற் பெரும்பாலானவை மலாய்மொழி வழி. பாடத்திட்டம் தமிழில், அறிக்கை மலாயில். 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோன்றியதால் தமிழ்க் கல்விக்கு உச்சி அமைந்தது. தொடக்கப்பள்ளிகளால் அடியும் இருந்தது. இடைப்படி மட்டும் இல்லை. பயிற்சி மாணவர் மொழியில் தடுமாறுவதைத் தனியாள் குறையாகக் காண்போர் இவ்விடைவெளியை மறந்துவிடுகின்றனர்.

2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. தமிழில் கற்பிக்கப் பயின்றவர் ஆங்கிலத்திற்கு மாறினர். 2009இல் கொள்கை கைவிடப்படும் என அறிவிக்கப்பட்டு, 2012 முதல் அவை மீண்டும் தமிழுக்கு வந்தன. ஒரே தலைமுறை ஆசிரியர் மும்மொழிகளுக்கிடையே தம் கலைச்சொற்களைத் திரும்பத் திரும்ப அடுக்கவேண்டியதாயிற்று.

இங்கு இலங்கையோடு ஓர் ஒப்பீடு தகும். அங்கும் தோட்டப் பள்ளிகள் நெடுங்காலம் ஓராசிரியர் பள்ளிகளே. அரசு அவற்றை 1970-களில் ஏற்றது. பின்னர் மலையகத்துக் கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. அக்கல்லூரியைச் சுற்றிய பூசல்கள் பல. ஆயினும் பயிற்சியைத் தேயிலை மலைக்கே கொண்டுசெல்வது இயலும் என்பதற்கு அது சான்று. மலேசியாவிலோ பயில்வோரே சிரம்பானுக்கும், ஈப்போவிற்கும், சுங்கைப் பட்டாணிக்கும் சென்றனர். விடுதி வாழ்வு பெரும் விடுதலையாகவும் இருந்தது என்பதை மறுக்கவியலாது. வார இறுதி நார்மல் வகுப்பினர் பெறாத ஓய்வும் நூலகமும் தோழமையும் அங்கே கிட்டின. மூன்று தலைமுறை ஆசிரியர் வேலையோடு வேலையாய்த் தேடியதை இவர்கள் முழுநேரமாகப் பெற்றனர்.

2007 முதல் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் பட்டப்படிப்பு வந்தது; ஆயத்தப் படிப்பிற்குப்பின் நான்காண்டு. பயிற்றுப்பணி பெரும்பாலும் வளாகத்திற்கு அருகிலுள்ள பள்ளிகளில் நடைபெறும். அவை நகரப் பள்ளிகள். வகுப்பில் முப்பதின்மர், ஒரே ஆண்டு மாணவர். பட்டம் பெற்றபின் வேலை எங்கும் அமையலாம். தோட்டப் பள்ளிகளிற் பல 150 மாணவருக்கும் குறைந்த, மாணவர் குறைந்த பள்ளிகள் என வகைப்படுத்தப்பட்டவை. மிகச் சிறியவற்றில் இரண்டு ஆண்டு மாணவரை ஓரறையில் அமர்த்திக் கற்பிக்கும் இணைப்பு வகுப்பும் உண்டு. அங்கே ஒரு பாதிக்கு எழுத்துப்பணி கொடுத்துவிட்டு மறுபாதிக்குக் கதை சொல்லவேண்டும். மூத்த மாணவரைக் கொண்டு இளையோரைப் படிக்கவைக்க வேண்டும். கரும்பலகையை நடுவில் கோடிட்டுப் பிரிக்கவேண்டும். 1930-களில் பயிற்சியே பெறாத தோட்டத்து ஓராசிரியர், எல்லா வகுப்பையும் ஒரு கூரையின் கீழ் வைத்துக்கொண்டு, இத்தகைய வழிகளைத் தேவையின் பொருட்டுத் தாமே கண்டறிய நேர்ந்தது. அவர் அதைப் பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை. எழுதச் சொல்லிக் கேட்டவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.