வாத்தியார் குதிரை



நம் மந்தாரக்குப்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூன்று குதிரைகள் தெரியும். ஐயனார் கோயில் வாசலில் நிற்கும் குதிரை. கல்யாண ஊர்வலத்தில் வரும் குதிரை. செஞ்சி தேசிங்கு ராஜன் கதையில் வரும் பாராசாரி. கோயில் குதிரைக்கு வயதே கிடையாது. பாராசாரி 1714இல் தன் ராஜாவோடு போர்க்களத்தில் விழுந்துவிட்டது. ஊர்வலக் குதிரைக்கு என்ன வயது என்று நாம் யாரும் கேட்டதில்லை. ஆக, வயதான குதிரை என்பது நம் கண்ணில் படாத ஒன்று. அது ஏன் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இன்றைய பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

அரண்மனைப் பணத்தைக் கொடுத்து, குதிரை வாங்கி வரச்சொல்லி மாணிக்கவாசகரைப் பாண்டியன் அனுப்பிய கதை உங்களுக்குத் தெரியும். அது புராணம். ஆனால் பாண்டிய நாட்டுக்குக் கடல் வழியே குதிரை வந்தது சரித்திரம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் இறங்கின. வசாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் என்று கணக்குப் பேசியிருந்தார்கள் என்றும், வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் பணம் கொடுத்தான் என்றும் எழுதியிருக்கிறார்.

அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கியும் வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சவில்லை என்கிறார். குதிரை வைத்தியமும் லாடமும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. அப்படிப்பட்டவர்கள் வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்! வசாஃப் இன்னொரு விவரம் தருகிறார். வந்த குதிரையை நாற்பது நாள் கட்டிப்போட்டு, வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் வீரர்கள் ஏறி விரட்டுவார்களாம். கொஞ்ச நாளில் குதிரை தளர்ந்து உதவாமல் போய்விடும்.

வெளியூர்க்காரர்கள் எழுதியதில் மிகை இருக்கலாம். நம் நாட்டில் குதிரை சாஸ்திரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரச் சுவடி தஞ்சை சரஸ்வதி மகாலில் இருக்கிறது. ஆனாலும் இருவரும் தனித்தனியே ஒரே குறையைச் சொல்கிறார்கள். வாங்கத் தெரிந்தது, வைத்துக் காப்பாற்றத் தெரியவில்லை.

வைத்துக் காப்பாற்றினால் ஒரு குதிரை எவ்வளவு தூரம் வரும்? அதற்கு நல்ல உதாரணம் டிரெஸ்ஸாஜ் என்ற விளையாட்டு. பழக்குதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள களத்தில், சவாரிக்காரரின் சிறு அசைவைப் புரிந்துகொண்டு குதிரை நடக்கும், ஓடும், நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் அடி வைக்கும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள், நம் பரீட்சை மாதிரியே.

பந்தயக் குதிரையை 2 வயதிலேயே ஓட விடுவார்கள். ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜிலோ 8 வயது ஆகாத குதிரையைச் சேர்ப்பதே இல்லை. பாடம் முடியவே அத்தனை வருடம் ஆகும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வாங்கிய போன்ஃபயர், வெள்ளி வாங்கிய ஜிகோலோ என்ற இரண்டு குதிரைகளுக்குமே அப்போது 17 வயது. ஓய்வுக்குப் பிறகு ஜிகோலோ 26 வயது வரைக்கும், போன்ஃபயர் 30 வயது வரைக்கும் வாழ்ந்தன.

வியன்னாவில் 16ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கும் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் பையனை இளங்குதிரை மேல் ஏற்றமாட்டார்கள். எல்லாம் கற்ற பழைய குதிரை மேல், பிடிக்கக் கடிவாள வாரும் இல்லாமல், மிதிக்க அங்கவடியும் இல்லாமல் மாதக்கணக்கில் உட்கார வைப்பார்கள். பையன் சரியாக உட்கார்ந்தால் குதிரை சரியாக நடக்கும். இப்படிக் கற்றுக்கொடுக்கும் பழைய குதிரைக்குக் குதிரைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்கூல்மாஸ்டர்’. நம்ம ஜாதிதான்!

இந்த வாத்தியார் குதிரையைப் பார்த்துக்கொள்வது எப்படி?

முதலில் பல். குதிரைக்குப் பல் தேயத் தேய மேலே வந்துகொண்டே இருக்கும். ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். வருடம் ஒரு முறையாவது மருத்துவர் அரத்தால் ராவிவிட வேண்டும். கடிவாளம் போட்டதும் தலையை உதறும் கிழட்டுக் குதிரையை அடம்பிடிக்கிறது என்று அடிப்பார்கள். பல நேரம் அது பல்வலி. வகுப்பில் அடம்பிடித்த பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன். மெல்ல முடியாத வயதில் தீவனத்தை ஊறவைத்துக் குழைவாகக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது குளம்பு. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை சீவிச் சரிசெய்ய வேண்டும். பிறகு மூட்டு. எடுத்த எடுப்பில் வேலை வாங்காமல், கால் மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக நடக்கவிட்டு உடம்பைச் சூடாக்க வேண்டும். பெரிய வட்டம், நேர்கோடு, நடுநடுவே ஓய்வு. வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். தண்ணீரும் உப்பும் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டியே போடக்கூடாது. நாள் முழுக்க நின்றால் மூட்டு இறுகும், குடல் மந்தமாகும். குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. வயதானதற்கு வேலையைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்தக்கூடாது. அந்த நாற்பது நாள் கட்டிப்போட்ட கதையை இங்கே பொருத்திப் பாருங்கள். தீனியில் குறை வைக்கவில்லை, நடக்கத்தான் விடவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில், டிரெஸ்ஸாஜையும் ஒரு பகுதியாகக் கொண்ட ஈவென்டிங் போட்டியில் ரகுபீர் சிங் தங்கம் வென்றார். பிறகு 41 ஆண்டுகள் குதிரையேற்றத்தில் தங்கமே இல்லை. 2023 செப்டம்பர் 26 அன்று ஹாங்சோவில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா நால்வரும் டிரெஸ்ஸாஜ் குழுத் தங்கம் வென்றார்கள். அனுஷ் தனியாக வெண்கலமும் வாங்கி, 2024 பாரிஸில் ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார்.

பெருமைதான். ஆனால் நால்வரும் வருடக்கணக்கில் ஐரோப்பாவில் தங்கித்தான் கற்றார்கள். பிள்ளைகள் நம் பிள்ளைகள், லாயம் அவர்கள் லாயம். காயல் துறைமுகத்தின் பிரச்சினை இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஒரு நல்ல செய்தி, 2025இல் மீரட் ராணுவக் கால்நடை மருத்துவ மையத்தைக் குதிரை நோயற்ற பகுதியாக உலக விலங்கு நல அமைப்பு ஏற்றுக்கொண்டது. இங்கே வளர்ந்து, இங்கே பழகிய குதிரை வெளிநாட்டுப் போட்டிக்குப் போக வழி பிறந்திருக்கிறது.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜெர்மனியிலிருந்து பக்கெட் வீல் மிஷினை வாங்கினோம். அது இத்தனை காலம் மண்ணை வெட்டியது, உங்கள் அப்பாவும் தாத்தாவும் மூன்று ஷிப்டிலும் அதைப் பழுது பார்த்ததால். குதிரைக்கும் அதே கணக்குத்தான். ஓர் ஊரில் வயதான குதிரை ஒன்று ஆரோக்கியமாக நடக்கிறது என்றால், அங்கே பல் பார்க்க, குளம்பு சீவ, கூட நடக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உங்களில் கால்நடை மருத்துவம் படித்தவர்கள் இருக்கிறீர்கள். நான் சொன்னதற்கு மேல் உங்களுக்குத்தான் தெரியும், கீழே எழுதுங்கள். மற்றவர்கள் அடுத்த முறை கல்யாண ஊர்வலத்தில் குதிரையைப் பார்த்தால், செல்ஃபி எடுக்குமுன் அதற்குத் தண்ணீர் காட்டினார்களா என்று குதிரைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
மந்தாரக்குப்பம்.