நெற்றிப்பட்டம் விற்றுப் போட்ட பாதை

மட்டாஞ்சேரியின் மிளகும் சுக்கும் உலகறிந்தவை. ஆயினும் 1902-இல் கொச்சி நாட்டுக்குப் புகைவண்டி வந்தபோது அது காயலைக் கடக்கவில்லை, எர்ணாகுளத்தோடு நின்றுவிட்டது. மூட்டைகள் வள்ளத்தில் ஏறிச் சென்றே வண்டியைச் சேர வேண்டியிருந்தது.

ஷொர்ணூரிலிருந்து அப்பாதையை அமைப்பித்தவர் மன்னர் இராமவர்மா. பணம் போதாமல், திருப்பூணித்துறைப் பூர்ணத்திரயீசர் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களில் பதினான்கை விற்றார் என்பர். கோயிற் பொன்னைத் தொடுவது தகுமா என்று நேயர்கள் கேட்கலாம். அந்தப் பொன்தான் நாட்டுக்கு வழி திறந்தது.

சிக்கனம் கருதி மீட்டர் அகலத்தில் பாதையிட்டனர். சென்னைப் பாதையோ 5 அடி 6 அங்குலம். ஆகவே ஷொர்ணூரில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். கூலியும் சேதமும் யார் தலையில் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. அயர்லாந்திலும் ஆளுக்கோர் அகலமாகப் பாதையிட்டு இடர்ப்பட்டு, 1846-இல் 5 அடி 3 அங்குலம் என்று சட்டமே விதிக்க நேர்ந்தது. அந்நாட்டு வண்டிகளின் சிற்றுருவங்களைச் செய்து சேர்ப்போரில் சிலர், அந்த அகலத்துக்கேற்பச் சிறு தண்டவாளத்தையும் தாமே செய்துகொள்வர்!

கொச்சிப் பாதை 1930-களில்தான் அகலமாயிற்று. பின்னர், துறைமுகப் பொறியாளர் பிரிஸ்டோ கடல்மண்ணை அள்ளி எழுப்பிய வில்லிங்டன் தீவுக்கு வெண்டுருத்திப் பாலத்தின் வழியே வண்டி சென்றது. மட்டாஞ்சேரியின் எதிர்க்கரை வரை.

எர்ணாகுளத்தின் பழைய நிலையமோ சரக்கு நிலையமாகி, பின்னர் ஆளரவமற்றுப் புதர் மண்டியது. 1925-இல் வைக்கம் செல்லும் வழியில் காந்தியடிகள் வந்திறங்கியது அங்கேதான்.